அப்பாவின் வலத்தோள்

விடுதியில் என் அடுத்த அறை நண்பர் கால்பந்தாட்டத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, மாலைதோறும் பயிற்சி செய்கிறார். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, தம் காலோடு தாமே மல்யுத்தம் புரிகிறார். அவரைக் காணும்போதெல்லாம் என் தந்தையாரின் வலத்தோள் என் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவினர். அந்தமான் என்றதும் சிறைச்சாலையையே நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி: 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தாத்தாவைப் போலவே அப்பாவும் பால்வெட்டும் தொழிலாளி. கைதான் அவருக்கு மூலதனம்.

2004 டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கிற்று; பிறகு கடல் வந்தது. அன்றைய கதையை அப்பா சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. முறிந்த தோளோடு அவரைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். (2024 முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) மற்றவை அம்மா சொல்லக் கேட்டவை.

எலும்பு கூடிற்று, கைதான் எழவில்லை. முதலில் பயிற்சியளித்தவர் வலியைப் பொருட்படுத்தாமல் இழுத்துத் தூக்கினார். தூக்கத் தூக்கத் தோள் கல்லாயிற்று. அடுத்து வந்த பிசியோதெரபி அம்மையாரோ தோளைத் தொடவே இல்லை.

“அண்ணே, ராத்திரி தூக்கம் எப்படி?”

“தூக்கமா தாயி? கட்டில் ஆடுதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன்.”

ஆபத்து வந்தால் இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ நரம்பு மண்டலம் செய்யும் ஏற்பாடு அது. ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். ஆனால் அங்கே மாதக்கணக்கில் பின்னதிர்வுகள் வந்துகொண்டிருந்தன, எப்படி அடங்கும்? அந்நிலையில் பிறர் கை பட்டவுடனே, வலிக்கு முன்பே தசை இறுகிக்கொள்கிறது. சிறு வலியும் பெருவலியாகிறது.

ஆகவே அம்மையார் மூச்சிலிருந்து தொடங்கினார். இழுத்த நேரத்தைவிட அதிக நேரம் மெல்ல விட வேண்டும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. பின்பு நோகாத இடக்கையை இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இம்முறையைப் பற்றி 1929-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் தோள். அதுவும் பொறுக்கும் அளவுக்கே.

கை மெல்ல மெல்லத் தோள் மட்டத்துக்கு வந்தது. 2005 ஜூலை 24 இரவு, 7.2 அளவில் மீண்டும் நடுக்கம். மறுநாள் கை இடுப்புக்கு மேல் எழவில்லை. படமெடுத்துப் பார்த்தார்கள், எலும்பில் புதுச் சேதம் எதுவும் இல்லை. அப்பா அழுதுவிட்டாராம். “தோள் கெடலே அண்ணே, பயந்திருக்கு” என்று சொல்லி, அம்மையார் மறுபடியும் மூச்சிலிருந்தே தொடங்கினார்.

மூச்சே கையைத் தூக்கியது என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தூக்கியது பயிற்சிதான், பயிற்சிக்கு உடலை இணங்க வைத்தது மூச்சு. அப்பா பிறகு பால்வெட்டப் போகவில்லை. டீக்கடை வைத்தார். இன்றும் கை முழுவதுமாக மேலே எழாது. ஆனால் டீ ஆற்றுவதற்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு எழும்.

நேற்று மாலை நண்பரின் அருகில் அமர்ந்தேன். “முழங்கால் இருக்கட்டும், ராத்திரி தூக்கம் எப்படி?” என்று கேட்டேன். தேர்வை நினைத்து நான்கு நாளாகத் தூங்கவில்லையாம்.