உனக்காகத்தான்

சென்ற பிப்ரவரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு படிவம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது. ஸ்டுட்கார்ட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதன்மைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் எழுதியிருந்தவை ஜெர்மன், ஆங்கிலம், ஓவியக் கலை. கணக்கு இல்லை. பள்ளி நாடகக் குழுவில் அவள் மேடை ஏறுவதில்லை, பின்னால் விளக்குப் பலகையில் உட்காருகிறவள். அதைத்தான் பிறகு படிக்கப் போகிறாளாம்.

நான் ஒரு மென்பொருள் ஆலோசகன். வாரத்தில் மூன்று நாள் யாரோ ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில், அவர்களுடைய பழைய மென்பொருளை அவர்களுக்கே விளக்கிச் சொல்வது என் தொழில். சண்டையில் குரல் உயர்த்தாமல் பேசப் பழகியவன். அன்றும் உயர்த்தவில்லை. "நாங்க இந்த ஊர்ல எதுக்கு இருக்கோம்னு நினைக்கிற? உனக்காகத்தான்" என்றேன்.

அவள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் கற்றவள். கோபம் வந்தால் பாடப்புத்தகத் தமிழ்தான் வரும். "நான் உங்களிடம் அதைக் கேட்கவில்லையே, அப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கார்னிவல் விடுமுறை வாரம். அவள் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஸ்விட்ச்சைத் தொலைக்காட்சியில் இணைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று சொன்னாலும் திரையில் எதுவும் ஓடவில்லை, குதிக்கவில்லை. ஒரு படம், கீழே ஒரு வாக்கியம். அவள் பொத்தானை அழுத்தினால் அடுத்த வாக்கியம். ஐந்தாம் நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை என்பதே எனக்கு அனுமதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே, "படித்து முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். ஆம் என்றதும் பொத்தானை அழுத்தினாள். அடுத்த சில நாட்கள் எங்களுக்குள் நடந்த உரையாடல் பெரும்பாலும் அதுதான்.

அந்த விளையாட்டின் பெயர் கிளானாட். ஜப்பானில் 'விஷுவல் நாவல்' என்று ஒரு வகை இருக்கிறது. படமும் இசையும் சேர்ந்த நாவல், சில திருப்பங்களில் கதாநாயகன் என்ன செய்ய வேண்டும் என்று வாசகனே முடிவு செய்வான். அந்த முடிவைப் பொறுத்துக் கதை வேறு பெண்ணிடம், வேறு முடிவிடம் போகும். அந்த வகையில் பேர்போன ஒன்று இது. 'கீ' என்ற நிறுவனம் 2004இல் வெளியிட்டது. முதலில் குரல்கூடக் கிடையாது, வெறும் எழுத்துதான். குரல் சேர்ந்த பதிப்பு பிறகுதான் வந்தது. முதன்மை எழுத்தாளர் ஜுன் மாயெதா, கிளானாட் என்றால் ஐரிஷ் மொழியில் குடும்பம் என்று நினைத்துத்தான் இந்தப் பெயரை வைத்தார். உண்மையில் அது ஓர் ஐரிஷ் இசைக்குழுவின் பெயர், 'தோபர் ஊர்க் குடும்பம்' என்ற தொடரின் சுருக்கம். தவறாகப் புரிந்துகொண்டும் சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

கதை ஒரு மேட்டுப்பாதையில் தொடங்குகிறது. பள்ளிக்கு ஏறும் சரிவு, இருபுறமும் செர்ரி மரங்கள். எங்கள் ஊரும் மேடும் படிக்கட்டுமாக இருப்பது, என் மகளின் பள்ளிக்கும் அப்படித்தான் ஏற வேண்டும். அந்தச் சரிவின் அடியில் நகிசா என்ற பெண் ஏறத் தயங்கி நிற்கிறாள். உடல்நலம் கெட்டு ஓராண்டு வீணாகி, தோழிகள் எல்லாரும் படிப்பு முடித்துப் போன பள்ளிக்குத் தனியாகத் திரும்புகிறாள். தன்னைத் தைரியப்படுத்திக்கொள்ளத் தனக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கிறாள். அதைப் பார்க்கும் தொமோயா, அப்பாவோடு பேச்சில்லாத, பள்ளியில் ஒட்டாத பையன். இருவரும் சேர்ந்து ஏறுகிறார்கள்.

நகிசாவின் ஆசை சின்னது. கலைந்துபோன பள்ளி நாடகக் குழுவை மறுபடி தொடங்கி ஒரே ஒரு நாடகம் போட வேண்டும். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கதை தெரியும், யார் சொன்னது என்று தெரியாது. முடிந்துபோன ஓர் உலகத்தில் தனியாக இருக்கும் ஒரு சிறுமி, குப்பையில் கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு பொம்மை செய்கிறாள். அதற்கு உயிர் வருகிறது. நகிசா தனி ஆளாக நடிக்கப்போகும் நாடகம் அதுதான்.

அவள் பெற்றோர் வீட்டோடு ஒரு ரொட்டிக் கடை வைத்திருக்கிறார்கள். அப்பா அகியோ வாய்த்துடுக்குக்காரர். அம்மா சனாயே செய்யும் ரொட்டியை வாயில் வைக்க முடியாது. சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் நாடகத்துக்கு முந்தைய நாள் வருகிறது. வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த பழைய பொருட்களிலிருந்து நகிசாவுக்கு ஓர் உண்மை தெரிகிறது. அப்பா ஒரு காலத்தில் மேடை நடிகர், அம்மா பள்ளி ஆசிரியை. இருவரும் தங்கள் வேலையில் மூழ்கியிருந்த ஒரு பனிநாளில், காய்ச்சலோடிருந்த குழந்தை வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்து விழுந்துவிட்டாள். சாவைத் தொட்டு மீண்டாள். அன்றோடு இருவரும் வேலையை விட்டுவிட்டு, எப்போதும் வீட்டில் இருக்கலாம் என்று ரொட்டிக் கடை தொடங்கினார்கள். அதை மகளிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

மறுநாள் திரை விலகுகிறது. நகிசா மேடையில் நிற்கிறாள். பேச வரவில்லை, அழுகிறாள். நான்தான் அவர்கள் கனவைத் தின்றுவிட்டேன், நான் எப்படி என் கனவை நிறைவேற்றுவது என்பதுதான் அவளுடைய தடை. அப்போது அரங்கின் பின்னாலிருந்து அகியோ கத்துகிறார். நாங்கள் கனவை விட்டுவிடவில்லை, உன் கனவை எங்கள் கனவாக்கிக்கொண்டோம், நீ செய், அதற்குத்தான் காத்திருக்கிறோம் என்கிறார். நகிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடகத்தைத் தொடங்குகிறாள்.

என் மகள் பொத்தானை அழுத்தவில்லை. நான் படித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் பாதி உண்மை. வந்தது. கூடவே ஓர் எரிச்சலும் வந்தது. 'உன் கனவுதான் எங்கள் கனவு' என்ற வாக்கியத்தை நாம் கேட்காததா? எந்தத் தமிழ் வீட்டில் அது இல்லை? அந்த வாக்கியத்தைச் சொல்லித்தானே எத்தனையோ பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டோம்? என்னையும் இறக்கிவிட்டார்கள். நானும் நான்கு நாள் முன்பு அதையேதான் வேறு சொற்களில் சொன்னேன். அகியோ சொன்னால் மகள் நிமிர்கிறாள், நான் சொன்னால் என் மகள் கதவைச் சாத்துகிறாள். வித்தியாசம் எங்கே என்று அந்த இரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டில் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. என் அப்பா மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்கப்பா கேரம் ஆடிப் பாத்திருக்கீங்களா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீங்க ஒண்ணுமே பாக்கல. எங்க ரெக்ரியேஷன் கிளப்புல அவர்தான் சாம்பியன். எந்த மூலைல கிடந்தாலும் ரெட்டப் போட்டு ஃபாலோவும் போட்டுருவாரு. நீங்க பத்தாவது வந்த வருஷம், ஸ்ட்ரைக்கரத் தொடச்சு என் கையில குடுத்துட்டுப் போனவரு, அப்புறம் கிளப் பக்கமே வரல."

எனக்கு அந்த ஆண்டுகள் நன்றாக நினைவிருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு அப்பா வீட்டுக்கு வருவார். தொலைக்காட்சிப் பெட்டிக்குத் துணி போட்டு மூடியிருக்கும். நான் கூடத்தில் படிப்பேன். அவர் ஈஸிசேரில் காலையில் படித்த செய்தித்தாளையே மறுபடி படித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் போக வேறு இடமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்பா கொஞ்சம் சுவாரஸ்யமில்லாத மனிதர் என்றும் நினைத்திருந்தேன். சென்னையின் மரிய இருதயத்துக்குக் கேரமுக்காக அர்ஜுனா விருது என்ற செய்தியை அவர் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அதை அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாகப் படித்தார் என்று நான் கேட்கவில்லை.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வரும். இறந்து, சாவக நாட்டில் அரசனாக மறுபடி பிறந்தவன், மணிபல்லவத் தீவுக்கு வந்து தன் முற்பிறவி உடலின் எலும்புகளைத் தானே தோண்டிப் பார்க்கிறான். வெளிநாட்டில் வாழ்கிற நமக்கு ஊருக்குப் போகும் பயணங்கள் அப்படித்தான். நம் பழைய எலும்பைத் தேடிப் போகிறோம். எனக்குக் கிடைத்தது என்னுடையதல்ல, அப்பாவுடையது.

கிளானாட்டிலும் மறுபிறவி இருக்கிறது. நாடகத்தோடு கதை முடிவதில்லை. தொமோயாவும் நகிசாவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பனி கொட்டும் ஒரு நாளில், உஷியோ என்ற மகளைப் பெற்றுவிட்டு நகிசா இறந்துபோகிறாள். தொமோயா குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகள் வேலைக்குள் ஒளிந்துகொள்கிறான். இந்தப் பகுதியைப் படிக்கும்போது, வாரத்தில் மூன்று நாள் ஊரில் இல்லாத நான் சோபாவில் கொஞ்சம் நெளிந்தேன். பிறகு ஒரு பயணத்தில் அவன் தன் பாட்டியைச் சந்திக்கிறான். வெறுத்து ஒதுக்கிய தன் அப்பா, மனைவி விபத்தில் இறந்தபின் தனியாளாகத் தன்னை வளர்க்க என்னவெல்லாம் இழந்தார் என்று அவள்தான் சொல்கிறாள். அகியோவும் இழந்தார், இவரும் இழந்தார். அவர் ரொட்டி சுட்டுக்கொண்டு சிரிக்கிறார், இவர் குடித்து உடைந்துபோனார். இரண்டு பேருமே மகனிடமோ மகளிடமோ கணக்குச் சொல்லவில்லை. வேறு வழியில்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

எனக்குப் பதில் கிடைத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். அகியோ அந்த வாக்கியத்தை மகள் கேட்ட பிறகு, அவள் விழப்போகும்போது, தாங்குவதற்காகச் சொன்னார். நான் வசூலுக்காகச் சொன்னேன். தவிர, அவர் தன் கனவாக்கிக்கொண்டது மகளுடைய கனவை. மதிப்பெண்ணும் இல்லாத, வேலையும் தராத, ஒரு மணி நேரப் பள்ளி நாடகம். நான் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் கனவை.

நகிசா நடித்த அந்தக் கதையின் பொருள் கடைசியில்தான் தெரிகிறது. முடிந்துபோன உலகத்தின் சிறுமி உஷியோ. அவள் குப்பையிலிருந்து செய்த பொம்மை அவள் அப்பா. இன்னொரு பிறவியில் இருவரும் ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாமல், ஒன்றாகப் பனியில் நடக்கிறார்கள். பொம்மைக்குப் பேச்சு கிடையாது. அவள் பேசிக்கொண்டே வருகிறாள், அவன் கூடவே நடக்கிறான். "இது நீங்கள்" என்றாள் என் மகள், திரையைக் காட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

விளையாட்டின் முடிவில் எல்லாம் சரியாகிறது. வேறு பாதைகளில் சென்று மற்றவர்களின் துயரங்களைத் தீர்த்துச் சேர்த்த ஒளித்துளிகளால் காலம் திரும்புகிறது. நகிசா பிழைக்கிறாள். இது ஏமாற்று என்றேன். "எல்லோர் கதையையும் படிக்காமல் அது கிடைக்காது. எனக்கு மூன்று மாதம் ஆனது" என்றாள் மகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மருந்து, மழை, மின்வெட்டு எல்லாம் பேசியபின் கேட்டேன். "அப்பா, நான் பத்தாவது படிக்கிறப்ப எனக்காகத்தான் கேரம் ஆடறத விட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யாருடா சொன்னா?" என்றார். சொன்னேன். "அவன் கெடக்கான். எனக்கு முட்டி வலி. அந்த ஸ்டூல்ல ரெண்டு மணி நேரம் உக்கார முடியல, விட்டுட்டேன். ஒனக்காக எதுக்கு விடணும்?" என்றார். "கொழந்த என்ன பண்றா?" என்று பேச்சை மாற்றினார்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் சைக்கிளில்தான் அலுவலகம் போனார். முட்டி வலி உண்மையா என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

படிவத்தில் அன்று மாலை கையெழுத்துப் போட்டேன். கணக்கைப் பற்றிய கவலை எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சில இரவுகளில் மேடை விளக்குக் கலைஞர்களுக்கு என்ன சம்பளம் என்று தேடிப் பார்க்கிறேன். மகளிடம் காட்டுவதில்லை.

ஜூலையில் அவர்கள் பள்ளி நாடகம். நானும் என் மனைவியும் கடைசி வரிசையில், விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகள் எங்களுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தாள். நாடகம் முழுதும் அவளைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் காட்சியில் ஒரு விளக்கு இரண்டு நொடி தாமதமாக வந்தது. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரவு பத்து மணிக்குப் படிக்கட்டில் இறங்கி வரும்போது, வழியெல்லாம் அந்த இரண்டு நொடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பாதி தமிழ், பாதி ஜெர்மன். எனக்கு முழுவதும் புரியவில்லை, கேட்டுக்கொண்டே இறங்கினேன்.

"தாத்தாவிடம் சொல்ல வேண்டும்" என்றாள். அங்கே ராத்திரி ஒன்றரை மணி, காலையில் சொல்லலாம் என்றேன்.