கிளாரிட்ஜைத் தெரியுமா உங்களுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

போன வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் பிள்ளைகள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். "சேர், ஒங்களுக்குப் பிடிச்ச பிளேயர் ஆரு?" மெஸ்ஸியா ரொனால்டோவா என்று அவர்களுக்குள் ஏற்கனவே இரண்டு கட்சி. நான் "ஸ்டீவ் கிளாரிட்ஜ்" என்றேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. தரம் பத்தில் படிக்கும் ஒருவன் மட்டும், "அது ஆரு சேர், பழைய ஆளா?" என்றான். இந்த முறை வலய அணித் தெரிவில் விடுபட்டவன் அவன். இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அவனுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு துண்டும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

எனக்குக் கிளாரிட்ஜ் அறிமுகமானது 2016இல். அந்த வருடம் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் எடுத்ததில் உலகமே வாயைப் பிளந்து நின்றது ஞாபகமிருக்கும். நான் அப்போது கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தில், வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பாடசாலையில் இருந்தேன். இரவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. லெஸ்டரின் பழைய போட்டிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1996 மே மாதத்து வெம்பிளி போட்டி ஒன்று அகப்பட்டது.

பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டம் அது. லெஸ்டருக்கு எதிரே கிரிஸ்டல் பெலஸ். 70,000 பேருக்கு மேல் சனம். முதலில் பெலஸ் கோல் அடித்தது. பிறகு கெரி பார்க்கர் பெனால்ட்டியில் சமப்படுத்தினார். மேலதிக நேரமும் முடியப் போகிறது. லெஸ்டர் முகாமையாளர் மார்டின் ஓநீல், பெனால்ட்டி உதைக்கென்றே ஆறரை அடிக்கு மேல் உயரமான கலாச் என்ற அவுஸ்திரேலியக் கோல் காப்பாளரை உள்ளே இறக்குகிறார். எல்லோரும் பெனால்ட்டிக்கு மனதைத் தயார்படுத்தியாயிற்று. 120ஆவது நிமிடம். பார்க்கர் ஒரு ஃப்ரீ கிக்கை உள்ளே போடுகிறார். பந்து வெளியே தெறித்து வருகிறது. பெட்டிக்கு வெளியே நிற்கிற ஒருவர், சப்பாத்துக்கு மேலே சொக்ஸ் சரிந்து கிடக்க, சேர்ட்டும் வெளியே தொங்க, ஓங்கி உதைக்கிறார். பந்து காலின் சரியான இடத்தில் படவேயில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பட்டுச் சுழன்று மேல் மூலையில் போய் விழுகிறது. பெலஸின் கோல் காப்பாளர் நைஜல் மார்ட்டின் நின்ற இடத்தில் நிற்கிறார். ஒரு கணம் மைதானத்தில் சத்தமே இல்லை. கோலா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் இடி.

அந்தக் கோலை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முந்திய கதைதான்.

1988இல் இவரை வாங்கியது இதே கிரிஸ்டல் பெலஸ். அப்போது அவர் வேமத் என்ற லீக்குக்கு வெளியே இருந்த ஒரு கழகத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னர் போர்ன்மவுத்தில் சில ஆட்டங்கள் ஆடி, அங்கிருந்தும் கழற்றப்பட்டவர். பெலஸுக்குப் போனார், பயிற்சி செய்தார். முதல் அணியில் ஒரு நிமிடம்கூட இறக்கப்படவில்லை. கொஞ்ச நாளில் ஆல்டர்ஷொட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து வெம்பிளியில் அந்தக் கழகத்தின் பிரீமியர் லீக் கனவை உடைத்தவர், அவர்கள் ஒரு நிமிடம்கூடத் தராமல் விட்ட அதே ஆள்.

ஆல்டர்ஷொட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் யுனைட்டெட். அங்கே ஜோன் பெக் என்றொரு முகாமையாளர். போட்டிக்கு முன்னால் வீரர்களின் மேலே வாளியால் குளிர்தண்ணீர் ஊற்றுகிற மனிதர். பந்தை நீளமாக உதை, மூலைக்கு ஓடு, அவ்வளவுதான் திட்டம். கிளாரிட்ஜுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஆனாலும் அந்தக் கழகம் 1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு தரம் மேலே ஏறியது. 1992இல் பிரீமியர் லீக்கின் வாசல்வரை போனது. அங்கே அவர்களை 5-0 என்று அடித்து அனுப்பியது யார் தெரியுமா? லெஸ்டர். இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஓவென்று சத்தம் போட்டார்கள்.

அந்த வருடமே லூட்டனுக்கு விற்கிறார்கள். சில மாதத்தில் மறுபடி கேம்பிரிட்ஜ். 1994இல் 350,000 பவுணுக்கு பர்மிங்ஹாம் சிட்டி. அங்கே 1994-95 பருவத்தில் 25 கோல். 1996 மார்ச்சில் லெஸ்டர், 12 இலட்சம் பவுணுக்கு. முப்பது வயதாகப் போகிறது. நம்மூரில் முப்பதில் பந்தைக் கட்டிவைத்துவிட்டு நடுவராகப் போய்விடுவோம். அவருடைய நல்ல காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த வருடம், 1997 ஏப்ரலில், லீக் கிண்ண இறுதிப் போட்டி. எதிரே மிடில்ஸ்பரோ. அவர்களிடம் ஜூனின்யோ இருந்தார். ஒரு வருடத்துக்கு முன் ஜுவெண்டசுக்காக ஐரோப்பியக் கிண்ண இறுதியில் கோல் அடித்த ரவனெல்லியும் இருந்தார். முதல் ஆட்டம் 1-1. ஹில்ஸ்பரோவில் மறு ஆட்டம், 100ஆவது நிமிடத்தில் ஒரே ஒரு கோல். கிளாரிட்ஜ்.

ஒரு வருடத்துக்குள் லெஸ்டரும் அவரை விட்டுவிட்டது. வுல்வர்ஹம்டனில் ஒரு கோலும் இல்லை. பிறகு சொந்த ஊர் போர்ட்ஸ்மவுத். அங்கே 2000இல் விளையாடிக்கொண்டே முகாமையாளரானார், நான்கு மாதத்தில் பதவி போனது. மில்வோலில் விளையாடினார். 2005இல் மில்வோல் அவரை முகாமையாளராக்கி 36 நாளில் நீக்கியது. பருவம் தொடங்கவேயில்லை, ஒரு போட்டிகூட நடக்கவில்லை. இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசைந்தும் விட்டது. ஏனென்றால் பதினொரு வருடத்தில் இது எனக்கு ஐந்தாவது பாடசாலை. அதில் ஒன்றில், கரும்பலகைக்குப் பெயின்ட் அடித்துக் காய்வதற்குள் "தற்காலிக இணைப்பு" என்று கடிதம் வந்தது. யார் கையெழுத்து, என்ன காரணம் என்று இன்றுவரை தெரியாது.

பிரைட்டன், பிரென்ட்ஃபர்ட், விக்கம், ஜில்லிங்ஹாம், பிரட்ஃபர்ட், வோல்சோல். இது 2004க்கும் 2006க்கும் இடையில் மட்டும். முழுக் கணக்கு எடுத்தால் 20ஐ அண்மிக்கும். லண்டனில் இருக்கும் மச்சான் அவருடைய 1997ஆம் ஆண்டுச் சுயசரிதையின் பழைய பிரதி ஒன்றை அனுப்பித் தந்தான். அந்தப் புத்தகத்தில்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட துண்டு இருக்கிறது. கிளாரிட்ஜ் சூதாடினார். குதிரைப் பந்தயம். உழைத்ததில் பெருந்தொகையை அதிலேயே விட்டார். மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை? ஹராமான ஒன்றை ஏன் பிள்ளைகளின் காதில் போடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. என் கதாநாயகன் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தத் தரம் பத்துப் பையன் வந்து நின்றான். வீட்டில் போனில் தேடிப் பார்த்திருக்கிறான்.

"சேர், அவர் சூது வெளாடுவாராமே. நீங்க சொல்லவே இல்லயே."

"சொல்லியிருக்கணும். என்ட பிழைதான்."

அவன் அதோடு விடவில்லை. தன் காக்காவும் போனில் கிரிக்கட்டுக்குக் காசு கட்டுவதாகவும், உம்மாவுக்குத் தெரியாதென்றும், தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். வலய அணித் தெரிவு நடந்த நாளில் பூட்ஸ் வாங்க வைத்திருந்த காசு ஏன் வீட்டில் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையன் இரவல் பூட்ஸோடு ஓடியிருக்கிறான், ஒரு நம்பர் பெரிய பூட்ஸ். நானோ அன்று அவன் ஓட்டத்தில் வேகமில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அவனுடைய காக்காவைப் போய்ச் சந்தித்தேன். பேசினோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

இனிக் கடைசித் துண்டு. 2006 முடிவில் கிளாரிட்ஜுக்கு 40 வயது. 999 போட்டிகளில் நின்றுபோயிருந்தார். எந்தக் கழகமும் இல்லை. அப்போது போர்ன்மவுத் அவரைக் கூப்பிட்டது. இளைஞனாக இருந்தபோது தன்னைக் கழற்றிவிட்ட அதே போர்ன்மவுத். ஒரே ஒரு ஆட்டத்துக்கு. டிசம்பர் 9, போர்ட் வேல் அணிக்கு எதிராக. அதற்குப் பிறகும் அவர் பந்தை விடவில்லை. முறிந்துபோன சொல்ஸ்பரி கழகத்தை மறுபடி எழுப்பியபோது அதன் முகாமையாளராக இருந்தவர் அவர்தான். புதிய கழகம் தன் முதல் பருவமான 2015-16இலேயே சம்பியனானது.

நேற்று மாலை அந்தப் பையனுக்கு இதைச் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றும் மறைக்கவில்லை.

"அந்த ஆயிரமாவது மெட்ச்ல கோல் அடிச்சாரா சேர்?"

"இல்ல. நாலுக்கு சைபர்."

"வெண்டாங்களா?"

"தோத்துட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போனான். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.