பட்டியல் கொடுக்காத ஊர்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஆபீஸில் பெயர்ப் பட்டியல் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, லெ ஷாம்போன் என்ற பிரான்சின் மலையூர் மனதை விட்டுப் போவதில்லை. கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரம். இன்று 2,000 சொச்சம் பேர். 1685இல் பதினான்காம் லூயி புரொட்டஸ்டண்ட் மதத்துக்குத் தடை போட்டபோது ஒளிந்து வழிபட்டவர்களின் வழிவந்த குடியானவர்கள் அங்கே அதிகம். இரண்டாம் உலகப் போரில், ஓடிவந்த யூதர்களை வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்து வைத்தார்கள். போலி அடையாள அட்டைகளும் ரேஷன் அட்டைகளும் தயாராயின. 1942இல் அதிகாரிகள் பட்டியல் கேட்டார்கள். பாதிரியார் ஆந்த்ரே ட்ரொக்மே கொடுக்க மறுத்தார். 1990இல் இஸ்ரேலின் யாத் வஷேம் அந்த ஊரையே கௌரவித்தது.

பதிவேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் எங்களுக்கு மெமோ வரும். அங்கே, விட்டுப்போன பெயர்கள்தான் பிழைத்தன. அப்படியோர் உத்தரவு என் மேஜைக்கு வந்திருந்தால்? இந்த வயதிலும் பதில் சொல்லத் தெரியவில்லை.