அழிந்த ஏடும் அழியாத நினைவும்

மன்னிப்பு என்னும் சொல்லைத் திருப்பலியில் நாள்தோறும் கேட்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டுப் பெறுகிறோம். ஆயினும் அச்சொல் நம் வீட்டுக் கூடத்திற்குள் வந்து அமரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் அதைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. எங்கள் மகனின் இசைவோடு, அவன் பெயரும் ஊரும் கூறாமல் இதனை எழுதுகிறோம்.

எங்கள் வீடு விமான நிலையத்திற்கு அருகில் உள்ளது. விமானம் தாழ்ந்து வரும் ஓசை கேட்டால் உண்ணும் சோற்றை விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடும் பிள்ளை அவன். விமானி ஆவேன் என்பதைத் தவிர வேறொன்றையும் அவன் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

2016ஆம் ஆண்டு, பதினாறு வயதில், தன்னொத்த வயதுடைய நண்பர் இருவரோடு சேர்ந்து, தெருவோரம் நின்ற ஒருவரின் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்றான். விற்கும் எண்ணமில்லை; ஓட்டிப் பார்க்கும் ஆசை. பெட்ரோல் தீர்ந்த இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் காலையில் காவலர் வந்தனர். தெருவே வாசலில் நின்று பார்க்க, அவனை ஜீப்பில் ஏற்றிச் சென்றனர்.

"உன் விமானக் கனவு இன்றோடு முடிந்தது" என்று அன்றிரவு எங்களுள் ஒருவர் கூறினார். மற்றவர் மறுக்கவில்லை. ஆகவே இருவரும் கூறினோம் என்றே கொள்ளவேண்டும். நீதிபதியின் முன் அவன் நிற்பதற்கு முன்பே, பெற்றவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

சட்டமோ எங்களைவிடப் பொறுமையாக இருந்தது. அவ்வாண்டு சனவரி 15ஆம் நாள்தான் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு நடுவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்ந்த சிறார் நீதி வாரியத்தின் முன் அவன் நிறுத்தப்பட்டான். திருட்டுக்கு உயர்ந்த அளவு மூன்றாண்டுச் சிறையே தண்டனை என்பதால், அச்சட்டத்தின்படி அது சிறு குற்றம். விசாரணைக்குப் பின், 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அறிவுரையும் கண்டிப்பும் கூறி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியின் சொந்தக்காரரிடம் அவனே சென்று மன்னிப்புக் கேட்டான். அவர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

வழக்கு அங்கே முடிந்தது, வீட்டில் முடியவில்லை. மதிப்பெண் குறைந்தால் அதைச் சொன்னோம். இரவு தாமதமாக வந்தால் அதைச் சொன்னோம். ஒன்றும் சொல்லாத நாள்களில் பார்வையால் சொன்னோம்.

பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வங்கிக் கடனோடும் விற்ற நிலத்தின் பணத்தோடும் அவன் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். வானிலையியல், வழிச்செலுத்தல், வான்போக்குவரத்து விதிகள் எனத் தேர்வுகள். முதல்நிலை மருத்துவச் சான்று. வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரப் பறத்தல். அனைத்தையும் 2023ஆம் ஆண்டுக்குள் முடித்தான். பின்னர் ஒரு விமான நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் எங்கள் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வினா: எந்த வழக்கிலாவது எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?

'இல்லை' என்று எழுதச் சொன்னவர்கள் நாங்களே. பத்துக் கட்டளைகளைச் சிறுவயதிலிருந்தே அவனுக்குக் கற்பித்தவர்களும் நாங்களே.

எங்கள் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, இவனைப் போன்ற சிறாருக்குக் குற்றத்தீர்ப்பினால் வரும் எந்தத் தகுதியிழப்பும் இல்லை என்கிறது. பதினாறு வயது கடந்து, கொடிய குற்றத்திற்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்படுபவர்களுக்கே விலக்கு. மேல்முறையீட்டுக் காலம் அல்லது ஏழு ஆண்டுகள் கழிந்தபின் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகவும் காவல்துறை வெளியிடலாகாது என்கிறது 74ஆம் பிரிவு. சிறாராயிருந்தபோது ஏற்பட்ட வழக்கைக் காட்டி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஓர் இளைஞர்க்குச் சார்பாக 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் படைதான் நம் விமான நிலையங்களைக் காத்து நிற்கிறது என்று கூறி அவர் புன்னகைத்தார்.

"ஆனால் மறைப்பது வேறு" என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். "வேலைக்கு விண்ணப்பிப்பவர் தரும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும் என்று 2016இல் அதே நீதிமன்றம் ஒரு வழக்கில் வலியுறுத்தியது. சிறார் நீதிச் சட்டம் குழந்தைகளைக் குறித்துக் குற்றஞ்சாட்டும் சொற்களையே தவிர்க்கச் சொல்கிறது. எனவே 'கைது' என்னும் சொல் உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். அவ்வாதத்தை எழுப்புவதா, நடந்ததைச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்."

வீடு திரும்பும் வழியில் மகன் பேசினான். "அப்பா, விமான விபத்து நடந்தால் எதற்காக விசாரிக்கிறார்கள் தெரியுமா? 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைக்கு 13ஆம் இணைப்பு ஒன்று உண்டு. இன்னொரு விபத்து நேராமல் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம், யார்மீதும் பழி சுமத்துவதன்று என்று அதில் இருக்கிறது. தவற்றை மறைக்கும் விமானிதான் ஆபத்தானவன் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்குச் சேரும் நாளிலேயே நான் மறைத்துக்கொண்டு சேரலாமா?"

எங்களிடம் விடையில்லை. நடந்ததை நான்கு வரிகளில் எழுதி, வாரியத்தின் ஆணை நகலையும் இணைத்து அனுப்பினான்.

அந்நிறுவனம் அவனை அழைக்கவில்லை, காரணமும் கூறவில்லை. சில மாதங்கள் வீட்டில் மௌனம் நிலவியது. 'நாங்கள் சொன்னபடி எழுதியிருந்தால்' என்ற சொற்கள் எங்கள் நாவின் நுனிவரை வந்ததுண்டு. ஆண்டவர் அருளால் அவை வெளியே வரவில்லை. 2024இல் மற்றொரு நிறுவனத்தின் படிவத்திலும் அதே நான்கு வரிகளை எழுதினான். நேர்முகத்தில் அதைப் பற்றி ஒரே கேள்வி கேட்டார்களாம்: "அதிலிருந்து என்ன கற்றீர்கள்?" இன்று அவன் துணை விமானி.

புனித அகுஸ்தீனை நாங்கள் அடிக்கடி நினைக்கிறோம். பதினாறு வயதில் நண்பரோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைப் பின்னாளில் ஆயராக இருந்தபோது அவரே எழுதிவைத்தார். பசிக்காகத் திருடவில்லை, கூட்டு சேர்ந்த களிப்புக்காகத் திருடினோம் என்பதையும் ஒளிக்கவில்லை. எழுதும்படி எந்தப் படிவமும் அவரைக் கேட்கவில்லை. மன்னிக்கப்பட்டவர் என்பதால் அவரால் சொல்ல முடிந்தது. மன்னிக்கப்படாதவர்தாம் மறைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மகன் மறைக்காமல் நின்றான் என்றால், அந்த மன்னிப்பை அவன் எங்கிருந்தோ பெற்றிருக்கிறான், எங்களிடமிருந்து அன்று. இதைச் சொல்லும்போது எங்களுக்கு வலிக்கிறது.

ஏழாண்டுகள் நிறைந்த பிறகு ஒரு நாள், அலமாரியில் அவனுடைய திருமுழுக்குச் சான்றிதழோடு வைத்திருந்த அந்த ஆணை நகலைக் கிழித்தெறிய எடுத்தோம். அவன் தடுத்தான். "இருக்கட்டும் அம்மா. இது நான் திருடினேன் என்று சொல்லும் தாள் அன்று, அது முடிந்துவிட்டது என்று சொல்லும் தாள்" என்றான். அப்போதுதான் நாங்கள் இருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அரசு தன் ஏட்டை அழிக்கச் சட்டம் செய்திருந்த காலமெல்லாம், நாங்கள் எங்கள் ஏட்டை நாள்தோறும் புரட்டிக்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொண்டோம். அவன் சிரித்துக்கொண்டே, "சாப்பாடு எடுத்து வையுங்கள்" என்றான்.

டிசம்பர் 10ஆம் நாள் லொரேத்தோ அன்னையின் விழா. வானில் பயணம் செய்வோரின் பாதுகாவலியாக 1920இல் அறிவிக்கப்பட்டவர் அவர். அன்று காலைத் திருப்பலியில் மகனுக்காக வேண்டுகிறோம். அவன் இறக்கைகளுக்காக மட்டுமன்று. தங்கள் பிள்ளையின் பழைய தவறு ஒன்றை இன்றும் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாப் பெற்றோருக்காகவும் வேண்டுகிறோம்.