சாமி என்றொரு மக்கள்

'சாமி' என்றால் திருவரங்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உலகின் வடகோடியிலோ, அது ஓர் இனத்தின் பெயர்! நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யா எனும் நான்கு நாட்டு எல்லைகளால் கூறுபட்டுக் கிடக்கிறது அவர்தம் தாயகம். பனிமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த அம்மக்களை, ஆண்டவர்கள் 'லாப்' என்று அழைத்தனர்; அவர்கள் இழிவெனக் கருதும் சொல் அது. பாதிரிமார் அவர்தம் முரசைப் பறித்தனர். பாடலைப் பாவம் என்றனர். பள்ளிக்கூடம் தாய்மொழியைத் தடுத்தது.

அடங்கிக் கிடந்தனரா? இல்லை! 1917 பிப்ரவரி 6 அன்று நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் மாநாடு கூட்டினர். 1989 இல் நார்வேயிலும், 1993 இல் சுவீடனிலும், 1996 இல் பின்லாந்திலும் அவர்களே தேர்ந்தெடுக்கும் சாமி மன்றங்கள் எழுந்தன. 1997 இல் நார்வே மன்னரே மன்னிப்புக் கோரினார். வானம் வழங்கிய வரமன்று தோழர்களே, ஒன்றுபட்டு உழைத்ததன் விளைவு!

நம் திருச்சிக்கு வருவோம். கோயில் வாயிலிலும் பேருந்து நிலையத்திலும் ஊசியும் பாசியும் ஏந்தி, "வாங்கு சாமி!" என்று நம்மை அழைப்போர் உண்டு. கருவறையில் கிடப்பதும் சாமி. காலணாவுக்குப் பேரம் பேசும் நாமும் சாமி! அழைப்பவர் மட்டும் யார்? 'நரிக்குறவர்' என்கிறோம். அது பிறர் இட்ட பெயர். தம்மை 'வாக்ரி' என்பர் அவர்கள். எழுத்தில்லாத அவர்தம் மொழி 'வாக்ரிபோலி'.

வேட்டை அவர்தம் தொழிலாயிருந்தது. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்தது. காட்டுயிர் காக்கப்பட வேண்டியதே. ஆனால், துப்பாக்கியை வாங்கிக்கொண்ட கை, ஏட்டைத் தந்ததா? பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965 இல். நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையே உருண்டோடியவை 57 ஆண்டுகள்! எத்தனை பிள்ளைகளின் படிப்பை அந்த ஆண்டுகள் விழுங்கின?

திருவெறும்பூரை அடுத்த தேவராயனேரியில் அவர்தம் குடியிருப்பு உண்டு. அங்கே பிறக்கும் பிள்ளைக்குச் சட்டம் இன்று சான்றிதழ் தரும். வகுப்பறைப் பலகையில் பக்கத்து இடத்தைத் தரவேண்டியவர் யார்? உணவு விடுதியில் முகஞ்சுளிக்காது உடன் அமரவேண்டியவர் யார்? அது அரசு தரும் தாளில் இல்லை; நம் நடத்தையில் இருக்கிறது. சாதியில்லை என்று மேடையில் முழங்கும் இளைஞர், அப்பலகையில் சற்றே நகர்ந்து இடம் விடட்டும். பகுத்தறிவின் முதற்பாடம் அங்கே தொடங்கும்.