கொடைக்குப் பின் வரும் மாதங்கள்

குருதிக்கொடை முகாம்களில் கொடையாளருக்கு வழங்கப்படும் பழச்சாறும் பிஸ்கட்டும் வெறும் உபசாரம் என்று பலர் எண்ணினாலும், அவற்றை உண்டபடி அவர் அமர்ந்திருக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மருத்துவக் கண்காணிப்பின் ஒரு பகுதியே ஆகும். உடல் எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லிலிட்டர் குருதி எடுக்கப்பட்ட பின், சிலருக்கு வேகஸ் என்னும் நரம்பின் தூண்டுதலால் இதயத்துடிப்பு தளர்ந்து, குருதிக்குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் திடீரெனச் சரிய, தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகின்றன. அம்மயக்கம் முகாமைவிட்டு வெளியேறிய பின்னரும் வரக்கூடும் என்பதால், ஊசி எடுத்த கையோடு இளைஞர்கள் இருசக்கர வண்டியை முடுக்கிக்கொண்டு வெயிலில் கிளம்புவது பெரிதும் கவலை தருகிறது. தலை சுற்றும்போது நின்று சமாளிக்க முயலாமல், உடனே படுத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அன்று முழுவதும் தண்ணீரும் மோரும் தாராளமாகப் பருகி, பளு தூக்குவதையும் மதுவையும் தவிர்த்தால் போதுமானது.

இவை ஒரு நாளோடு முடிபவை. நீண்டு நிற்கும் கடமை வேறு. குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாட்களிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிட, அப்பணுக்களோடு வெளியேறிய இரும்புச்சத்து அத்தனை விரைவில் மீள்வதில்லை. 450 மில்லிலிட்டர் குருதியோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஈர்த்துக்கொள்வதோ வழக்கமாக ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. மாதவிடாயாலும் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இச்சுமை கூடுதலாகும். இந்தியாவில் இரு கொடைகளுக்கிடையே ஆண்களுக்கு 90 நாட்களும் பெண்களுக்கு 120 நாட்களும் இடைவெளி வகுக்கப்பட்டிருப்பதை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

முருங்கைக்கீரையும் கேழ்வரகும் உண்டாலே குருதி ஊறிவிடும் என்னும் நம்பிக்கை முழுமையானதன்று. தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் ஈரலிலும் உள்ளதைப்போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. உணவோடு சேர்த்துத் தேநீரோ காபியோ குடித்தால் அவ்வுறிஞ்சல் மேலும் குறைகிறது. மாறாக, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அவ்விரும்பை உடல் ஏற்பதற்கு உதவுகிறது. ஆகவே சோற்றுக்கும் காபிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டுவைப்பது பயனுள்ள பழக்கம்.

கொடைக்கு முன் பார்க்கப்படும் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்குக் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் அச்சோதனையில் தேறிய ஒருவரது உடலில் இரும்பின் சேமிப்பு வற்றியிருக்கவும் கூடும். அச்சேமிப்பை அறிய ஃபெரிட்டின் என்னும் புரதத்தை அளக்கும் தனிச்சோதனை உண்டு. அடிக்கடி குருதி அளிப்போர், அவர்களுள்ளும் பெண்கள், இச்சோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் தாமாகவே கேட்டறிவதோடு, இரும்புச்சத்து மாத்திரைகளையும் அவரது அறிவுரைப்படியே உட்கொள்ள வேண்டும்.