வடித்த கஞ்சி

சென்ற தை மாதம் அம்மா ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தபோது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்பாயிற்று. முதல் நாளே சாதம் களியாகக் குழைந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

"புது அரிசிடி அது! ஒரு கொதி முன்னாலேயே வடிக்கப்படாதோ?" என்றாள் பாட்டி.

மாலையில் பார்த்தால், வடித்த கஞ்சி கிண்ணத்தில் ஆடை படர்ந்து உறைந்திருந்தது. ஏன்?

மறுநாள் காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிக்கு வந்ததும் வேதியியல் சிஸ்டரிடம் கேட்டேன். அரிசியின் மாவுப்பொருள் இரண்டு பலபடிகளின் கலவையாம். இரண்டும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்தவையே. அமைலோஸ் பெரும்பாலும் கிளையற்ற நீண்ட சரம். அமைலோபெக்டின் இருபது, முப்பது மணிகளுக்கு ஒரு கிளை விட்ட மரம். கொதிநீரில் அரிசி உப்பும்போது சரம் நழுவிக் கஞ்சிக்கு வந்துவிடுகிறது. மரம் பெரும்பாலும் சோற்றுக்குள்ளேயே தங்குகிறது. ஒரே குளுக்கோசால் ஆனவைதானே, ஒற்றுமையாய் இருக்குமென்று நினைத்தேன். இல்லை! செறிவான கரைசலில் இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடுவதை 1987இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆறும்போது சரங்கள் ஒன்றோடொன்று அணைந்து சில மணி நேரத்தில் இறுகுகின்றன. மரங்களுக்குக் கிளைகள் தடையாவதால் நாள்கணக்காகும். கஞ்சி உறைவதும், நம் சீருடை விறைப்பதும், தாம்பாளத்தில் ஆறவிட்ட புளியோதரைச் சாதம் உதிர்வதும் சரங்களின் வேலையே. 1966இல் வந்த ஐ.ஆர். 8 அரிசியில் அமைலோஸ் மிகுதி. "ஆறினா கட்டைடி" என்று பாட்டி இன்றும் குறைப்படுவாள்.

ஆய்வகத்தில் அயோடின் சோதனை செய்தோம். எங்கள் வீட்டுக் கஞ்சி கருநீலமாயிற்று. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த தோழி ஒட்டரிசி கொண்டுவந்தாள். அது செம்பழுப்பாகவே நின்றது. அதில் அமைலோஸ் அநேகமாகக் கிடையாது.

'புது அரிசியில் அமைலோஸ் குறைவு. அதனால் குழைந்தது' என்று பெருமையாக எழுதினேன். சிஸ்டர் அடித்துவிட்டார். அரிசி பழகும்போது அமைலோஸ் அளவு மாறுவதில்லை. புரதமும் செல்சுவரும்தான் இறுகுகின்றன. புது அரிசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாட்டி சொன்ன ஒரு கொதியில் எல்லாம் அடங்கியிருந்தது!

நான்காம் நாள் அப்பா இரண்டாம் முறை சாதம் கேட்டார். சனிக்கிழமை வீடு திரும்பிய அம்மாவுக்கு, உப்புப் போட்டுச் சூடாகக் கஞ்சி கொடுத்தேன். உறைவதற்குள் குடித்துவிட்டாள்.